இருபத்துமூன்றாம் எண்

ஜனவரி 6

அன்புள்ள பெல்லுக்கு,

நான் நலம். நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலைத் தனியாக விசாரிக்கக் காரணம் உண்டு. சென்ற மாதம் நீ தொலைபேசியில் பேசிய பதின்மூன்று நிமிடத்தில் பதினொன்று அதற்கே போயிற்று.

இந்த வயதில் உன்னைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கலாமா என்ற சந்தேகத்தில் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். "என் மாமா மகளுக்கு" என்று தொடங்கிப் பார்த்தேன். கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தது. ஆகவே வகுப்பில் இருந்தபடியே இருக்கட்டும்.

விஷயம் இதுதான். நாம் பள்ளி இறுதி வகுப்பை முடித்து ஐம்பத்தைந்து வருடம் ஆகிறதாம். ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அதே வகுப்பறையில் எல்லோரும் கூட வேண்டும் என்று பூட்டு ஏற்பாடு செய்கிறான். வகுப்பில் வாயே திறக்காமல் இருந்து அந்தப் பெயரை வாங்கியவன், வக்கீலான பிறகு மூடுவதே இல்லை. "மலர் ஒண்ணு போடறோம் லீடர். ஆளுக்கு ஒரு பக்கம், முப்பத்தோரு பேர். நீதான் எழுதற" என்றான். எனக்கு எழுத வராது என்றேன். "தினம் அட்டெண்டன்ஸ் எடுத்தவன் நீ. எவன் எப்படின்னு உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டான். ஒன்றை மறுப்பதற்கு எனக்கு எப்போதும் இரண்டு நாள் தேவைப்படும். அதற்குள் அவன் எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

வானிலை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் மழையை அளந்து எழுதியவன் நான். எவ்வளவு பெய்தது என்று எழுதத் தெரியும். எப்படிப் பெய்தது என்று எழுதத் தெரியாது. அதனால் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். வருகைப் பதிவின் எண் வரிசையிலேயே போவது. எழுதியதை உனக்கு அனுப்பிச் சரிபார்ப்பது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 'ஹலோ' என்ற ஒரு சொல்லை வைத்தே ஆளை அடையாளம் கண்டவள் நீ. உன் ஞாபகத்தை நம்பலாம்.

முதல் எட்டு எண்கள் இத்துடன். தப்பு இருந்தால் தயங்காமல் அடித்துவிடு.

இப்படிக்கு,
லீடர்

*

ஜனவரி 19

லீடருக்கு பெல் எழுதிக்கொள்வது.

சுகம். விசாரித்ததற்கு முழங்கால் நன்றி சொல்லச் சொன்னது. மழை வருவதை உன் ஆபீசுக்கு முன்னாலேயே அது சொல்லிவிடும், தெரியுமா?

எட்டும் படித்தேன். ஏழாம் எண்ணைப் படித்துச் சிரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். அறுக்க வைத்த தவளையைப் பார்த்து மயங்கி விழுந்து 'டாக்டர்' என்று பெயர் வாங்கினவன். அவன் கல்யாணப் பத்திரிகையில் நம் பையன்கள் அச்சகத்துக்கே போய் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட வைத்தது. பெண் வீட்டுத் தெருவே இருமலும் முதுகுவலியுமாக அவன் முன்னால் வரிசையில் நின்றது. எல்லாம் சரி. ஒரே ஒரு திருத்தம். தவளைக்கு அப்போது உயிர் இருந்தது. அவன் விழுந்ததும் குதித்துப் போய் அவன் நெஞ்சில்தான் உட்கார்ந்தது. அதைப் போய் விட்டுவிட்டாயே!

மூன்றாம் எண், தராசு. எதையும் சமமாகப் பங்கு போடுகிறவள், புது ரப்பரை ஸ்கேல் வைத்து நாலாக வெட்டினாள் என்று எழுதியிருக்கிறாய். நாலு இல்லை, ஐந்து. ஐந்தாவது துண்டு உனக்கு. "லீடர் லஞ்சம் வாங்கக் கூடாது"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

என் பக்கம் ஒரு செய்தி. ஜூலையில் மகளோடு விமானம் ஏறுகிறேன். இனி அங்கேதான். போனால் திரும்பி வரப்போவதில்லை என்று முழங்காலே சொல்லிவிட்டது. அதனால் ஜூனில் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். உன்னையும். நாம் நேரில் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர் போன அன்றைக்கு. நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாய்.

இருபத்துமூன்றாம் எண் எப்போது வரும்? என்னைப் பற்றி என்ன எழுதப் போகிறாய் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

பெல்

*

பிப்ரவரி 6

அன்புள்ள பெல்லுக்கு,

லேசான இருமல். மற்றபடி நலம். முழங்காலுக்குத் தைலம் போதாது, மருத்துவரைப் பார்.

உன் கடிதம் வந்த அன்று இங்கே நான்கு மில்லிமீட்டர் மழை. ஓய்வு பெற்ற பிறகும் தம்பி வீட்டு மொட்டைமாடியில், என் அறைக்கு எதிரே, ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதுகிறேன். யாரும் கேட்பதில்லை. சென்ற வாரம் தம்பி மனைவி அதைச் செடித்தொட்டி என்று எண்ணித் தண்ணீர் ஊற்றிவிட்டாள். பதினெட்டு மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன், பிறகு அடித்தேன். பொய்க் குறிப்பு ஒன்று நோட்டில் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

தவளையைச் சேர்த்துவிட்டேன். ரப்பரை ஐந்தாக்கிவிட்டேன். ஒன்பது முதல் பதினைந்து வரை இத்துடன். பதினான்காம் எண்ணில்தான் எனக்குச் சந்தேகம். அதை இங்கேயே எழுதுகிறேன்.

"கிளி. கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். இவன் தொண்டையில் ஓர் ஊரே குடியிருந்தது. சைக்கிள் டயரில் காற்று இறங்குவது, கதவுக் கீல் முனகுவது, தலைமையாசிரியர் கனைப்பது எல்லாம் வரும். ஒரு நாள் தலைமையாசிரியர் வருவதுபோலக் கனைத்தான். வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. பாடம் நடத்திக்கொண்டிருந்த பூகோள வாத்தியாரும் விறைப்பாக நின்றார். இப்போது டயர் கடை வைத்திருக்கிறான். காற்று இறங்கும் சத்தத்தை அன்றே தொழிலாகத் தேர்ந்துகொண்டான் போலும்."

இது போதுமா, அதிகமா? தெரியவில்லை. உன்னுடையது வரிசைப்படி வரும்.

இப்படிக்கு,
லீடர்

*

பிப்ரவரி 20

லீடருக்கு பெல் எழுதிக்கொள்வது.

சுகம்தான். இருமல் நின்றதா? மாடிக் காற்றில் நிற்காதே. தனிக்கட்டைக்கு யார் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள்?

வாத்தியார் எழுந்து நின்றது எனக்கு மறந்தே போயிருந்தது. பாவம், அவ்வளவு தடிமனான கண்ணாடி போட்டும் மனுஷருக்கு முதல் பெஞ்சுக்கு அப்பால் எல்லாம் மேகம்தான். அதனால்தானே பெயர் கூப்பிடும் வேலையை உன்னிடம் விட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆனால் கிளி பக்கத்தில் ஏதோ குறைகிறது. முப்பது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். பேசுகிறவர் எந்த இடத்தில் எச்சில் விழுங்குகிறார் என்று எனக்குக் கேட்டுவிடும். டயர் சத்தமும் கனைப்பும் எனக்கே வரும். மனுஷக் குரலும் ஒன்று அவனுக்கு அசலாக வரும் என்று பையன்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், அது யாருடையது? அதை ஏன் எழுதவில்லை?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பில், வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே உன்னை 'அத்தான்' என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். கிளியும் மற்றவர்களும் பத்து நாள் 'அத்தான், அத்தான்' என்று உன் பின்னாலேயே கத்தினார்கள். "இனிமே ஸ்கூல்ல அப்படிக் கூப்பிட்டா உங்கூடப் பேசவே மாட்டேன்" என்று அழுதாய். அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டவள்தான். அதற்கப்புறம் நீ லீடர்.

பெல்

*

மார்ச் 24

அன்புள்ள பெல்லுக்கு,

நலம். பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்கு மன்னிக்க வேண்டும். இருமலால் என்று எழுதலாம். ஆனால் இருமல் பத்தே நாளில் நின்றுவிட்டது.

மீதி எண்கள் இத்துடன். இருபத்தேழாம் எண்ணை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். அரைமணி. தினமும் அரை மணி நேரம் தாமதமாக வந்து, தினமும் ஒரு புதுக் காரணம் சொன்னவன். 'வழியில் பாலத்தைக் காணோம்' உட்பட அறுபத்துநான்கு காரணங்களைக் குறித்து வைத்திருந்தேன். வந்தவர்களுக்குக் கோடு, வராதவர்களுக்கு வட்டம் என்பதுதான் என் நோட்டின் முறை. வாத்தியார் அதைப் பார்த்துத்தான் ஆபீஸ் பதிவேட்டில் ஏற்றுவார். அரைமணிக்கு மட்டும் காலையில் வட்டம் போட்டு, பிறகு அதன் நடுவே ஒரு கோடு இழுப்பேன். அவன் வரிசை முழுவதும் சட்டைப் பொத்தான்களைத் தைத்தது போல இருக்கும்.

பத்தொன்பதாம் எண் நான். 'இம்மலரைத் தொகுத்தவர்' என்று ஒரு வரி போதும்.

இருபத்துமூன்றுக்குப் போதிய தகவல் இல்லை. கிளியைப் பற்றி நீ கேட்டது எனக்கு நினைவில் இல்லை.

உன் பயண ஏற்பாடுகள் நல்லபடி நடக்கட்டும்.

இப்படிக்கு,
லீடர்

*

ஏப்ரல் 1

லீடருக்கு பெல்.

சுகம். கோபமாகவும் இருக்கிறேன்.

போதிய தகவல் இல்லையா? மூணு வயசுல நான் உன் தோள்ல கடிச்ச தழும்பு இருக்கான்னு கண்ணாடியில போய்ப் பாரு. அதைவிட என்ன தகவல் வேணும் உனக்கு?

சரி, நானே தருகிறேன். எழுதிக்கொள்.

"இருபத்துமூன்றாம் எண். சிரித்தால் சைக்கிள் பெல் மாதிரி சட்டென்று அடித்துச் சட்டென்று நிற்கும் என்பதால் அந்தப் பெயர். இறுதி வருஷம் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். படிப்பு போச்சே என்று அழுதாள். இரண்டு மாதம் கழித்துப் பள்ளி முத்திரையோடு தபாலில் ஹால் டிக்கெட் வந்தது! அத்தனை நாள் வராதவளைத் தேர்வு எழுத விட மாட்டார்கள். தலைமையாசிரியர்தான் இரக்கப்பட்டு அனுப்பியிருக்கிறார். எழுதினாள், பாஸானாள். வீட்டுக்காரர் போய் இரண்டு குழந்தைகளோடு நின்றபோது, அந்தச் சான்றிதழ்தான் அவளை எக்ஸ்சேஞ்ச் நாற்காலியில் உட்கார வைத்தது."

தலைமையாசிரியருக்கு அவர் இருந்தவரை வருஷா வருஷம் நன்றிக் கடிதம் போட்டேன். ஒரே ஒரு தடவை பதில் வந்தது. 'எதற்காக நன்றி என்று நினைவில்லை. எனினும் மகிழ்ச்சி.' எவ்வளவு பெரிய மனசு பார்! அவருடைய உதவியை மட்டும் பெரிய எழுத்தில் போடு. என் பக்கத்தில் வேறு எது விட்டுப்போனாலும் பரவாயில்லை.

பெல்

*

ஏப்ரல் 14

அன்புள்ள பெல்லுக்கு,

நலம்.

நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். என்னைவிட நன்றாக எழுதுகிறாய். ஆனால் அதில் ஒரு தகவல் சரியில்லை. எது என்று கேட்காதே. அதை நீக்கினால் உனக்கு வருத்தம். தெரிந்தே அச்சில் ஏற்ற என்னால் முடியவில்லை. ஆகவே இருபத்துமூன்றாம் பக்கத்தை வேறு யாராவது எழுதட்டும் என்று பூட்டிடம் சொல்லிவிட்டேன்.

ஜூனில் நான் வருவதும் சந்தேகம். மழைமானியைப் பார்க்க ஆள் இல்லை.

பயணத்தில் மருந்துகளை ஒரே பையில் வைக்காதே. இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வை. ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும்.

இப்படிக்கு,
லீடர்

*

மே 9

லீடருக்கு பெல் எழுதிக்கொள்வது.

என் சுகத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நீ வர மாட்டாய் என்று எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் போடக் கூடாது என்று மூன்று வாரம் இருந்தேன். நேற்று மனசு கேட்காமல், அவன் பக்கத்தையாவது சரிபார்ப்போம் என்று கிளிக்கு ஃபோன் போட்டேன்.

"டயர் கடைங்களா?"

"ஆமாங்க. பஞ்சரா?"

"ஆமாப்பா, முழங்கால் பஞ்சர்."

"அடியே பெல்லு!" என்று கத்தினான். கடையில் இருந்தவர்கள் ஓடியிருப்பார்கள்.

நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அவ்வளவுதானா? நம்ம பெரிய நாடகத்தையே விட்டுட்டானே!" என்றான். என்ன நாடகம் என்று கேட்டேன். "உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாவா?" என்றான். அப்புறம் ரிசீவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"உள்ளேன் ஐயா."

லீடர், அது என் குரல். இப்போதைய குரல் இல்லை, அப்போது இருந்தது. ஊரில் உள்ள குரலையெல்லாம் கேட்டவள், என் சின்ன வயசுக் குரலை நான் கேட்டதே இல்லை. ஆனாலும் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. ரிசீவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மடங்கவே மடங்காத முழங்கால் எப்படி மடங்கியதோ!

அப்புறம் அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். "நீ போனதுக்கு மறுநாள் லீடர் வரிசையா பேர் கூப்பிட்டுக்கிட்டு வந்தான். உன் பேரையும் கூப்பிட்டுட்டான். நீ இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறான். கோடும் போடலை, வட்டமும் போடலை. வாத்தியார் தலையைத் தூக்கப் போறாரு. எனக்குத் தாங்கலை, உன் குரல்ல கத்திட்டேன். மறுநாளும் அதே மாதிரி நின்னான். நானும் கத்தினேன். பரீட்சை லீவு வரைக்கும் முப்பத்தெட்டு நாள், பெல்லு. ஒரு பய சிரிக்கலை."

அப்படியானால் இத்தனை வருஷம் நான் யாருக்கு நன்றி எழுதிக்கொண்டிருந்தேன்?

அனுமதி கேட்காமல் பென்சில்கூடச் சீவாதவன் நீ. எனக்குத் தேர்வு எழுத வழி செய்வதற்காகவா அப்படிச் செய்தாய்? நல்ல காரியம்தானே, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஜூலை மூன்றாம் தேதிக்குச் சீட்டு வந்துவிட்டது. அதற்கு முன்னால் எனக்குப் பதில் வேண்டும்.

பெல்

*

மே 23

அன்புள்ள பெல்லுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ தரையிலிருந்து யார் உதவியும் இல்லாமல் எழுந்தாயா என்ற கவலை இருக்கிறது. நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

நீ தேர்வு எழுத வேண்டும் என்று நான் திட்டமிட்டதாக எண்ணினால், அது சரியான தகவல் அல்ல. அவ்வளவு தூரம் யோசிக்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது. உன் எண்ணுக்கு நேரே வட்டம் போட எனக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான். கிளி கத்தினான், நான் கோடு போட்டேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் அவன் கத்துவதற்காகவே நிறுத்தினேன். அந்த இரண்டு சொல்லைக் கேட்கத்தான் பள்ளிக்கூடம் போனேன். ஹால் டிக்கெட், சான்றிதழ், வேலை எல்லாம் அதன் பின்னால் தாமாக வந்தவை. எனக்கு நன்றி சொல்லாதே.

வாத்தியாருக்குத் தெரியாது என்றும் நினைக்காதே. ஒரு வாரம் கிளிக்கு ஜலதோஷம். உன் குரல் கரகரவென்று வந்தது. வாத்தியார் தலையைத் தூக்காமலே, "லீடர், அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கு. வெந்நீர் குடிக்கச் சொல்லு" என்றார். "சொல்றேங்க ஐயா" என்றேன். அதை இன்றுதான் உன்னிடம் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முன்னறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அருகில் வந்து உட்கார்ந்தார். "ஏன் மாப்பிள்ளை, நீ படிச்சு முடிச்சு ஒரு வேலைக்குப் போக எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். கல்லூரி நான்கு, பயிற்சி ஒன்று, வேலை நிரந்தரமாக ஒன்று. "ஆறு வருஷம் மாமா" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார். நான் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். "இல்ல மாமா, ஆறுதான். சரியாத்தான் இருக்கு." என் தலையில் கையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் கேட்டது கணக்கு இல்லை என்று எனக்கு விளங்க, உன் கல்யாணப் பத்திரிகை வர வேண்டியிருந்தது.

உன் பக்கத்தை எழுதிவிட்டேன். ஒரு வரிதான். "இருபத்துமூன்றாம் எண்: இவ்வகுப்பின் வருகைப் பதிவில் ஒரு நாளும் இல்லாமல் இருந்ததில்லை." பொய்க் குறிப்புகளை அடித்துவிடுவது என் வழக்கம். இதை மட்டும் அடிக்கவில்லை. நோட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது.

ஜூனில் நான் வரலாமா, கூடாதா என்பதை நீ சொன்னால் அப்படியே செய்கிறேன்.

இப்படிக்கு,
லீடர்

*

ஜூன் 1

அத்தானுக்கு,

சுகம். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நானேதான் எழுந்தேன். மேலே எழுதியிருக்கிற சொல்லைப் பார்த்துப் பயப்படாதே. இனிமேல் உன் பின்னால் கத்த எந்தப் பையனும் இல்லை. கத்தினாலும் ஒரு கிழட்டு டயர் கடைக்காரன்தான்.

வெந்நீர் குடித்துவிட்டேன் என்று வாத்தியாரிடம் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும்.

அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. "தங்கமான பையன். ஆனா, கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்றான்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல் நான் பாட்டுக்குப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டிருந்தால், ஆறு வருஷம் ஒரு பெரிய கணக்கா என்று சொல்லியிருப்பேன். என்னையும் யாரும் கேட்கவில்லை.

என் பக்கத்தில் நீ எழுதிய ஒரு வரி போதும். தலைமையாசிரியர் தேவையில்லை.

மழைமானியைத் தம்பி மனைவியிடம் விட்டுவிட்டு வா. அவள் ஊற்றுகிற தண்ணீரை அன்றைக்கு ஒரு நாள் மழை என்றே எழுதிக்கொள். நோட்டையும் எடுத்து வா. பூட்டிடம் பேசிவிட்டேன். அவன் சொற்பொழிவெல்லாம் அப்புறம். முதலில் நீ முன்னால் நின்று ஒன்றிலிருந்து வரிசையாகப் பெயர் கூப்பிட வேண்டும். இருபத்துமூன்றில் நீ நிறுத்துவாய், தெரியும். பரவாயில்லை, மெதுவாகவே கூப்பிடு. கிளி வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பெல்